ஏஜென்ட் விக்ரமை எழுதின இன்ஜினியர்

ஹாஸ்டல் மெஸ்ஸுல ஸ்பை படம் பத்தின சண்டை ஒரு தடவை ஆரம்பிச்சா, சாம்பார் ஆறிப் போனாலும் அது ஆறாது. பாண்ட் படங்கள்லயே நல்லா எழுதப்பட்டது எது? 2006-ல வந்த 'கேசினோ ராயல்'தான்னு ஒரு கோஷ்டி அடிச்சுப் பேசும். கொஞ்சம் பழைய படம் பார்க்கிற ஆள் இருந்தா 1969-ல வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்'னு சொல்லுவார். நாவலை அதிகம் கெடுக்காம எடுத்த படம் அது. 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' ஏன் அப்படிச் சொதப்புச்சுன்னு கேட்டா, ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2007 கடைசியில ஸ்டிரைக்ல போயிட்டாங்க, சரியா முடியாத ஸ்கிரிப்டோட ஷூட்டிங் போனாங்கன்னு ஒருத்தர் விளக்கம் கொடுப்பார். இதெல்லாம் முடிஞ்சு கடைசியா பேச்சு நம்ம ஊருக்கு வரும். 1986 விக்ரமா, 2022 விக்ரமா?

ஒரே ஏஜென்ட் பேர், ஒரே நடிகர், 36 வருஷ இடைவெளியில ரெண்டு படம். தமிழ்ல நமக்குன்னு இருக்கிற ஸ்பை சீரிஸ் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஜெய்சங்கர் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்'னு வரிசையா துப்பாக்கி தூக்கி, தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்னு பேர் வாங்கினார். ஆனா அதெல்லாம் தனித்தனிக் கதைகள். அதனால சண்டை விக்ரம்ல வந்து நிக்குது. பழைய படத்துல ரைட்டிங்கே கிடையாது, சலாமியான்னு ஒரு நாட்டைக் காட்டிக் காமெடி பண்ணிட்டாங்கன்னு 2022 கட்சி சொல்லும். அது சுஜாதா எழுதினது, அதைக் குறை சொல்ல உனக்கு என்ன தகுதின்னு 86 கட்சி கேக்கும்.

ரெண்டு கட்சியுமே ஒரு பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் பேசுறாங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி இருந்தது நம்மளை மாதிரி ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடண்ட். அதுவும் நம்ம லைன்ல படிச்சவர். மறைமலை நகர்ல பீச் லோக்கல் ஏறுங்க. பொத்தேரி, கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம், சானடோரியம் தாண்டினா குரோம்பேட்டை. ஒரு காலத்துல அங்க இருந்த குரோம் லெதர் கம்பெனியால வந்த பேர் அது. அந்த ஊர்ல இருக்கிற எம்.ஐ.டி.யிலதான் எஸ். ரங்கராஜன் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சார். இப்ப அதே ஜி.எஸ்.டி ரோட்டுல இருக்கிற வெற்றி தியேட்டர் முதல் நாள் முதல் ஷோவுக்குப் பேர் போனது. உங்கள்ல நிறைய பேர் ரெண்டாவது விக்ரமைப் பார்த்தது அங்கதான்னு பந்தயமே கட்டலாம். முதல் விக்ரமை எழுதினவர் படிச்ச காலேஜ் அதே ஊர்லதான் இருக்கு.

ரங்கராஜன் பிறந்தது 1935 மே 3, சென்னை திருவல்லிக்கேணியில. அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபர். அதனால பையன் ஸ்ரீரங்கத்துல பாட்டி வீட்ல வளர்ந்தான். கோயில், கொள்ளிடம், வீதியில கிரிக்கெட், பக்கத்து வீட்டு மனுஷங்க, எல்லாத்தையும் அப்பவே கண்ணால பிடிச்சு வெச்சுக்கிட்டிருக்கார் போல. பல வருஷம் கழிச்சு 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகள்ல அது எல்லாம் வெளிய வந்துச்சு. அவரைத் துப்பறியும் கதை எழுதினவர்னு மட்டும் நினைச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா முதல்ல அந்தப் புத்தகத்தை எடுங்க.

ஸ்கூல் முடிச்சு திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல பி.எஸ்ஸி இயற்பியல். அதுக்கப்புறம்தான் எம்.ஐ.டி. அந்தக் காலத்துல எம்.ஐ.டி.க்கு வர்ற வழியே வேற. பிளஸ் டூ முடிச்சு கவுன்சிலிங்ல வந்து உக்கார முடியாது. டிகிரி முடிச்சவங்கதான் வருவாங்க, இன்னும் 3 வருஷம் படிப்பாங்க. 1949-ல சி. ராஜம் தன் வீட்டை வித்த பணத்தைப் போட்டு ஆரம்பிச்ச காலேஜ் அது. ஏரோநாட்டிக்ஸ், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன்னு அன்னிக்கு வேற எந்த காலேஜும் பெரிசா தொடாத பிரிவுகள். செயின்ட் ஜோசப்ல இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டைன்னு அதே காலகட்டத்துல அதே பாதையில வந்த இன்னொரு பையன் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அவர் ஏரோநாட்டிக்ஸ் பக்கம் போனார். இந்த ஜோடியை ஞாபகம் வெச்சுக்கோங்க, விக்ரம் கதையில திரும்ப வருவாங்க.

படிப்பு முடிஞ்சதும் ரங்கராஜன் சிவில் ஏவியேஷன்ல சேர்ந்தார். ஏர் டிராஃபிக் கன்ட்ரோல். டெல்லியில நிறைய வருஷம். இந்த வேலையைப் பத்தி ரசிகர்கள் அதிகம் பேசறதில்ல, ஆனா எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. ஒரு கன்ட்ரோலர் பேசுற பேச்சைக் கேட்டுப் பாருங்க. விமானம் எது, எவ்வளவு உயரம், எந்தத் திசை, முடிஞ்சுது. ஒரு வார்த்தை அதிகமானா அடுத்த பைலட் காத்துக்கிட்டு இருப்பார். ஒரு வார்த்தை குறைஞ்சா ஆபத்து. பின்னாடி அவர் எழுதின வசனங்களைப் படிச்சா எனக்கு அந்த ரேடியோ பேச்சுதான் ஞாபகம் வரும். இது என் ஊகம்தான், ஆனா படிச்சுப் பார்த்துட்டுச் சண்டைக்கு வாங்க.

எழுத்துப் பக்கம் அவருக்கு முதல்ல வந்த பிரச்சனை பேர்தான். குமுதம் ஆபீஸ்ல ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார், பெரிய எழுத்தாளர். ஒரே பத்திரிகையில ரெண்டு ரங்கராஜன் எப்படி? நம்ம ஆள் மனைவியோட பேரை எடுத்துக்கிட்டார். அப்படி வந்ததுதான் சுஜாதா. எழுதுறது பெண்ணுன்னே ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்த வாசகர்கள் உண்டு.

1968-ல குமுதத்துல 'நைலான் கயிறு' தொடர். அதுலதான் வக்கீல் கணேஷ் முதல் தடவை வர்றார். பின்னாடி ஜூனியர் வசந்த் வந்து சேர்ந்தான். கணேஷ் நிதானம், வசந்த் வாய். வசந்த் சொல்ல ஆரம்பிச்சு எந்தக் கதையிலயும் சொல்லி முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை முழுசா சொல்லச் சொல்லி வாசகர்கள் வருஷக்கணக்கா நச்சரிச்சாங்க. இன்னிக்கு போஸ்ட் கிரெடிட் சீனுக்காக நாம உக்கார்ந்து இருக்கோமே, அதே வியாதிதான்.

அன்னிக்கு வரைக்கும் தமிழ்த் துப்பறியும் கதைன்னா ஹீரோவுக்கு எல்லாம் தெரியும். எப்படித் தெரியும்னு யாரும் கேக்கக் கூடாது. சுஜாதா கதையில துப்பு ஒரு பொருள்கிட்ட இருந்து வரும். கயிறு எதால ஆனது, ரத்தம் எந்தப் பக்கம் தெறிச்சது, அந்த மெஷின் எப்படி வேலை செய்யுது. 'கொலையுதிர் காலம்' படிச்சவங்களுக்குத் தெரியும்: பேயா ஹாலோகிராமான்னு கடைசி வரைக்கும் ரெண்டு விளக்கத்தையும் சமமா ஓட விடுவார். மாடிப்படி இறங்குறதைச் சொல்லணும்னா எழுத்துக்களையே படிக்கட்டு மாதிரி கீழ கீழ அச்சடிக்க வெச்சவர் அவர். பக்கத்துல கேமரா வெச்ச மாதிரி எழுதுறார்னு எல்லாரும் சொன்னாங்க. அதனால சினிமா தேடி வந்துச்சு. அங்கதான் சிக்கலும் ஆரம்பிச்சுது.

1977-ல 'காயத்ரி' படமாச்சு. ஜெய்சங்கர் ஹீரோ, ரஜினி வில்லன். 1978-ல 'ப்ரியா'. அதுல ரஜினிதான் கணேஷ். நாவல் நடக்கிறது லண்டன்ல, படம் நடக்கிறது சிங்கப்பூர்ல. ஊர் மாறினது கூடப் பரவாயில்ல. பக்கத்துல கேஸ் கட்டைத் தவிர வேற எதையும் கட்டிக்காத வக்கீல் கணேஷ், படத்துல டூயட் பாடினார். பாட்டெல்லாம் இளையராஜா, இன்னிக்கும் நம்ம பிளேலிஸ்ட்ல இருக்கு. ஆனா கதையை மட்டும் தெரிஞ்சு தியேட்டருக்குப் போன வாசகனுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. கதைக்காரர்னு டைட்டில்ல பேர் வரும், திரையில இருக்கிறது வேற யாரோ எழுதினதா இருக்கும். இது சுஜாதாவுக்கு மட்டும் நடந்தது இல்ல. ஜேம்ஸ் பாண்டை உருவாக்கின இயன் ஃபிளெமிங்குக்கும் இதுதான். 1953-ல முதல் நாவல், 1962-ல முதல் படம், 1964-ல அவர் போய்ச் சேர்ந்தார். நாம இன்னிக்கு பாண்ட் ரைட்டிங்னு சொல்றதுல பெரும்பங்கு ரிச்சர்ட் மெய்பாம்னு ஒருத்தரோடது. 13 பாண்ட் படங்களோட திரைக்கதையில அவர் கை இருக்கு. அவர் பேரை நம்ம மெஸ்ஸுல நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல.

இதுக்கு நடுவுல சுஜாதா பெங்களூர் போயிட்டார். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வேலை. எழுபதுகள், எண்பதுகள் முழுக்கக் காலையில ஆபீஸ், மிச்ச நேரத்துல எழுத்து. ஒரே நேரத்துல நாலஞ்சு பத்திரிகையில தொடர்கதை ஓடும். அவர் சலவைக்குப் போட்ட துணிக் கணக்கைக் கொடுத்தாக்கூட அச்சடிப்பாங்கன்னு ஒரு கிண்டல் இருந்துச்சு. இந்தப் பக்கம் அறிவியல் கட்டுரை, அந்தப் பக்கம் 'கணையாழி'யில கடைசிப் பக்கம், நடுவுல 'என் இனிய இயந்திரா'. செமஸ்டர் நடுவுல ஒரு ரெக்கார்ட் நோட்டு முடிக்க நமக்கு நாக்கு தள்ளுது.

பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல அவர் செஞ்ச வேலைகள்ல நாடு முழுக்கத் தெரிஞ்சது வாக்குப்பதிவு இயந்திரம். அதை வடிவமைச்ச குழுவுக்கு அவர் மேற்பார்வை. உங்கள்ல 18 தாண்டினவங்க போன எலெக்‌ஷன்ல அழுத்தின பட்டனோட வம்சாவளி அங்க போகுது. இந்த வேலையில பாதி என்னன்னா, இதை ஒருத்தன் ஏமாத்தணும்னா எப்படி ஏமாத்துவான்னு அவனுக்கு முன்னாடி நாம யோசிக்கிறது. ரெண்டு தடவை அழுத்தினா என்ன ஆகும், கரண்ட் போனா என்ன ஆகும், பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினா என்ன ஆகும். ஒரு நல்ல ஸ்பை கதை எழுதுறவன் பண்ற வேலையும் இதேதான். ஆபீஸ் மூளையும் எழுத்து மூளையும் அவர்கிட்ட ஒரே மேஜையில உக்கார்ந்து இருந்துச்சு.

இந்த நேரத்துலதான் கமல் ஒரு ஸ்பை படம் எடுக்க முடிவு பண்றார். சொந்தத் தயாரிப்பு. டைரக்‌ஷன் ராஜசேகர், அதுக்கு முந்தின வருஷம் கமலை வெச்சு 'காக்கிச் சட்டை' எடுத்தவர். மியூசிக் இளையராஜா. கதையும் வசனமும் சுஜாதா, திரைக்கதையில கமலும் சேர்ந்து உக்கார்ந்தார். படம் உருவாகிட்டு இருக்கும்போதே கதை குமுதத்துல தொடரா, படத்தோட போட்டோக்களோட வந்துச்சு. இன்னிக்கு டீசர், கிளிம்ப்ஸ்னு விடுறாங்களே, அதை வாராவாரம் கதையாவே கொடுத்தாங்க. படம் 1986 மே மாசம் ரிலீஸ்.

கதையோட முதல் வரி என்னன்னு பாருங்க. அக்னிபுத்திரன்னு ஒரு ஏவுகணை கடத்தப்படுது. அதை வெறும் குண்டா அவர் எழுதல, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமா எழுதினார். புரோகிராம் தெரிஞ்ச ஆள் கூட இருந்தாத்தான் அதைச் செயலிழக்க வைக்க முடியும். அதனால ஏஜென்ட் விக்ரம் கூட ப்ரீத்தின்னு ஒரு கம்ப்யூட்டர் நிபுணர் போறாங்க. 1986! ரயில்வே ரிசர்வேஷனே அப்பத்தான் டெல்லியில கம்ப்யூட்டருக்கு மாறிக்கிட்டு இருந்துச்சு. தமிழ் சினிமாவுல கம்ப்யூட்டர்னா பல்பு எரியுற பீரோ. அந்த நேரத்துல, ஆயுதத்தோட ஆபத்து அதோட வெடிமருந்துல இல்ல, அதோட சாஃப்ட்வேர்லன்னு ஒரு கமர்ஷியல் படத்துக்குக் கதை எழுதினார். அதோட கோடை வெச்சிருக்கிற ஆள் ஒரு பொண்ணு.

அக்னிங்கற பேரைப் பார்த்துட்டு அவர் முன்கூட்டியே கணிச்சுட்டார்னு ரசிகர்கள் புல்லரிக்கிறது வழக்கம். நிஜ அக்னி ஏவுகணை 1989 மே 22-ல முதல் தடவை பறந்துச்சு. திட்டத்துக்குத் தலைமை அப்துல் கலாம், அதே குரோம்பேட்டை கலாம். கேட்க நல்லா இருக்கு, ஆனா ஜோசியம்னு சொல்றது ஓவர். அக்னி உள்ளிட்ட ஏவுகணைகளுக்கான ஒருங்கிணைந்த திட்டம் 1983-லயே ஆரம்பிச்சாச்சு. பாதுகாப்புத் துறைக்கு எலெக்ட்ரானிக்ஸ் செய்யுற கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டு, பேப்பரை ஒழுங்கா படிக்கிற ஒரு இன்ஜினியருக்கு நாடு எந்தப் பக்கம் போகுதுன்னு புரியும். புரிஞ்சதை எழுதினார். என்னைக் கேட்டா கணிப்பை விட இதுக்குத்தான் மரியாதை அதிகம்.

அப்ப படம் ஏன் ரெண்டு துண்டா இருக்கு? இதுதான் நம்ம சண்டையோட மையம். முதல் பாதியில சுஜாதா தெரியுறார். ரிட்டயர் ஆகப் பார்க்கிற ஏஜென்ட், அவனுக்கு வெச்ச குண்டுக்கு மனைவி பலி, தலைமை அதிகாரி ராவா வர்ற சாருஹாசனோட அலட்டல் இல்லாத ஆபீஸ் பேச்சு, சத்யராஜோட சுகிர்தராஜா. வில்லன் கத்தவே மாட்டான், காரியத்தைப் பார்ப்பான். அப்புறம் சலாமியா. சுல்தானா அம்ஜத் கான், இளவரசியா டிம்பிள் கபாடியா, மொழிபெயர்ப்பாளரா ஜனகராஜ், ராஜஸ்தான்ல எடுத்த பாலைவனம், எலி கும்பிடுற ஜனங்க. ஏவுகணை எங்கேயோ ஒரு மூலையில கிடக்க, இளவரசிக்கும் ப்ரீத்திக்கும் நடுவுல விக்ரம் யாருக்குன்னு கதை உக்கார்ந்துடுது. கோட் எழுதின பொண்ணுக்குப் பொறாமைப்படுறதைத் தவிர அங்க பெரிசா வேலை இல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் படத்தோட பெரிய நஷ்டம் எலி இல்ல, ப்ரீத்திதான்.

சலாமியாவும் கதையிலேயே இருக்கு, அதனால அதையெல்லாம் மத்தவங்க தலையில கட்டிட்டு சுஜாதாவைக் காப்பாத்த முடியாது. ஆனா நாவலா படிக்கும்போது அந்தப் பகுதி கிண்டலோட வேகமா ஓடிடுது. பக்கத்துல ஒரு கற்பனை நாட்டைக் கட்ட நாலு வரி போதும். படத்துல அதுக்கு செட், கூட்டம், உடை, பாட்டு எல்லாம் வேணும். செலவு பண்ணினதைக் காட்டித்தானே ஆகணும்? நாலு வரி நாப்பது நிமிஷம் ஆயிடுது, கிண்டல் காணாமப் போகுது. எழுத்துல இருக்கிற வேகம் திரைக்கு அப்படியே வராதுன்னு அவருக்கு இந்தப் படத்துல நல்லா உறைச்சிருக்கும்னு நினைக்கிறேன், ஏன்னா அதுக்கு அப்புறம் அவர் சினிமாவுக்கு எழுதின முறையே மாறுது.

ஆறு வருஷம் கழிச்சு, 1992-ல 'ரோஜா'. டைரக்டர் மணிரத்னம், வசனம் சுஜாதா. அதை நீங்க காதல் படம்னு, தேசபக்திப் படம்னு நினைச்சிருப்பீங்க. இன்னொரு தடவை பாருங்க. ஹீரோ ரிஷிகுமார் ஒரு கிரிப்டாலஜிஸ்ட், ரகசியத் தகவல்களை உடைக்கிறது அவன் உத்தியோகம். மேலதிகாரிக்கு உடம்பு சரியில்லாததால காஷ்மீருக்கு அவன் போறான். கையில துப்பாக்கி இல்ல, கோட்டு சூட்டு இல்ல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ந்து சிக்னலைப் பிரிக்கிற சம்பளக்காரன், கல்யாணம் பண்ணிக்க தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வர்றவன். உளவு வேலையில பெரும்பகுதி இப்படித்தான் மேஜை வேலையா இருக்கும். பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல உக்கார்ந்து இருந்த மனுஷனுக்கு அந்த மேஜையோட வாசனை தெரியும். கதை மணிரத்னத்தோடது, அந்தப் புகழை முழுசா சுஜாதாவுக்கு எழுத முடியாது. ஆனா யார் எவ்வளவு பேசணும், எங்க பேசாம விடணும்ங்கற அளவுல 86-க்கும் 92-க்கும் நடுவுல இருக்கிற தூரம் பளிச்சுன்னு தெரியும். 'ரோஜா'வைத் தமிழோட நல்ல ஸ்பை படங்கள் லிஸ்ட்ல யாரும் சேர்க்கிறது இல்ல. நான் முதல் இடத்துல சேர்ப்பேன்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 'இந்தியன்', 'முதல்வன்', 'கன்னத்தில் முத்தமிட்டால்', 'அந்நியன்', 'சிவாஜி'. வேலையிலிருந்து ஓய்வு பெற்று சென்னைக்கு வந்துட்டார். குமுதத்துல ஆசிரியரா இருந்தார். மீடியா ட்ரீம்ஸ்ல சேர்ந்து 2000-ல 'பாரதி' படம் வர்றதுக்குக் காரணமானவங்கள்ல ஒருத்தரா இருந்தார். 'திரைக்கதை எழுதுவது எப்படி'ன்னு புத்தகமே போட்டார். படத்தை மூணு அங்கமாப் பிரிக்கிறது, எந்த இடத்துல கதை திரும்பணும், சீன்ல எப்ப நுழைஞ்சு எப்ப வெளிய வரணும்னு லேப் மேனுவல் மாதிரி எழுதியிருப்பார். நம்ம காலேஜ் ஷார்ட் ஃபிலிம் கோஷ்டி கையில இன்னும் அதோட ஜெராக்ஸ் சுத்துது.

எல்லாமே ஏறுமுகம்னு சொல்ல மாட்டேன். 2003-ல வந்த 'பாய்ஸ்' வசனங்களுக்கு வந்த எதிர்ப்பு சாதாரணம் இல்ல. பத்திரிகைகள் கிழிச்சு எடுத்துச்சு. இளைஞர்கள் பேசுறதை அப்படியே எழுதினேன்ங்கறது அவர் பக்கத்து நியாயமா இருக்கலாம், ஆனா இன்னிக்குப் பார்த்தா அதுல பல இடம் நமக்கே நெளியுது. அவர் கதைகள்ல பெண்களை வர்ணிக்கிற விதத்தைப் பத்தியும் இதே புகார் பல வருஷமா உண்டு, அதுல நியாயமும் உண்டு. ப்ரீத்திக்கு வேலை இல்லாமப் போனதுக்கு சினிமாவை மட்டும் திட்ட முடியாதுன்னு சொல்றதும் இதனாலதான்.

நம்ம இ-மேகஸின் கோஷ்டிக்கு ஒரு தனிச் செய்தி. 2000 வாக்குல 'அம்பலம்'னு ஒரு தமிழ் இணைய இதழுக்கு அவர் ஆசிரியரா இருந்தார். டயல்-அப் காலம். போன் கூட சேர்ந்து கீய்ங்னு கத்தும், ஒரு பக்கம் திறக்கிறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். தமிழ் எழுத்துருவுக்கே ஆளுக்கொரு தரம், ஒருத்தர் அடிச்சது இன்னொருத்தர் ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா வரும். அறுபத்தஞ்சு வயசு மனுஷன் அதுல உக்கார்ந்து வாசகர்களோட சாட் பண்ணினார். இப்ப நாம போன்ல பண்றதை அவர் அந்த வயசுல, அந்த ஸ்பீடுல பண்ணினார்.

2008 பிப்ரவரி 27 அன்னிக்கு சென்னையில காலமானார். 72 வயசு. உங்கள்ல பாதிப் பேர் அப்ப எல்.கே.ஜி.க்கே போயிருக்க மாட்டீங்க. அவர் வசனத்துல கை வெச்ச 'எந்திரன்' 2010-ல வந்துச்சு, அதை அவர் பார்க்கல. மதன் கார்க்கியும் ஷங்கரும் சேர்ந்து முடிச்சாங்க.

2022 ஜூன்ல லோகேஷ் கனகராஜ் விக்ரமைத் திரும்பக் கூட்டிட்டு வந்தப்ப, அவர் போய் 14 வருஷம். புதுப் படம் நல்லா கட்டின படம், அதுல சந்தேகமே இல்ல. இன்டர்வல், ஏஜென்ட் டீனா, ரோலக்ஸ், எல்லா இடத்துலயும் விசில் கணக்கு பார்த்து வெச்சிருக்காங்க. ஆனா ரெண்டு விக்ரமையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 86-ல விக்ரம் வேலைக்குத் திரும்ப வர்றது மனைவி செத்ததால. 2022-ல மகன் செத்ததால. ரெண்டுலயும் நாட்டுப் பாதுகாப்பு ஒரு பக்கம் ஓடுது, வண்டியை இழுக்கிறது வீட்டுச் சாவு. வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. 86-ல எதிரி கையில இருக்கிற பொருள் எப்படி வேலை செய்யுது, அதை எப்படி நிறுத்தலாம்ங்கறதுதான் கதைக்கான கேள்வி. 2022-ல கன்டெய்னர்ல இருக்கிறது போதைப் பொருள். அது என்னங்கறதை விட எங்க இருக்குங்கறதுதான் கேள்வி. முதல் கேள்வியைக் கேட்ட படம் பாதி வழியில அதை மறந்துடுச்சு. ரெண்டாவது கேள்வியைக் கேட்ட படம் கடைசி வரைக்கும் அதை விடல. அதனாலதான் 2022 கட்சிக்குத் தங்கள் படம் நல்லா எழுதப்பட்டதாத் தோணுது, அவங்க சொல்றது தப்பும் இல்ல. கட்டுமானம் அவங்ககிட்ட இருக்கு, ஐடியா பழைய படத்துகிட்ட இருக்கு. 86-க்கு ஒரு நல்ல எடிட்டிங் டேபிளும், ப்ரீத்திக்கு இன்னும் நாலு சீனும் கிடைச்சிருந்தா இந்தச் சண்டையே வேற மாதிரி போயிருக்கும்.

அடுத்த தடவை மெஸ்ஸுல இது கிளம்பினா, பேசுறதுக்கு முன்னாடி 'விக்ரம்' நாவலைப் படிச்சுட்டு வாங்க. சின்னப் புத்தகம், மறைமலை நகர்லேருந்து பீச் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். அப்புறம் 86 படத்தைப் போடுங்க, சலாமியா வந்ததும் பொறுமை போச்சுன்னா தாராளமா ஓட்டி விடுங்க, கிளைமாக்ஸ் விமானச் சண்டையில வந்து நிறுத்துங்க. அன்னிக்கு ராத்திரியே 'ரோஜா'. ரிஷிகுமார் ஆபீஸ் வர்ற சீன்கள்ல மட்டும் போனைக் கீழ வெச்சுடுங்க.